தூரத்து ஆளுக்கு முதல் கல்

என் பிரியமுள்ள வாப்பா,

உங்களை அடக்கியிருக்கும் மையவாடிக்குப் பெண்கள் போகும் வழக்கம் நம் ஊரில் இல்லை. உங்கள் மூத்த மகன், என் நானாதான் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து உங்கள் கபுறடியில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார். அந்த நேரத்தில் நான் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் என் ஸலாத்தை எழுத்தில் அனுப்புகிறேன். பதில் சொல்லாமல் இருப்பதற்கு உங்களுக்கும் இப்போது நல்ல சாட்டுக் கிடைத்திருக்கிறது.

ஹற்றனில் விடாத மழை. பிடவைக்கடையின் பின்சுவரில் மறுபடி ஈரம் ஊறுகிறது. கட்டுத்துணிகளையெல்லாம் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டோம். நம்மோடு ஹஜ்ஜுக்கு வந்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயரை யாரும் இன்னும் எடுக்கவில்லை. காலையில் யாராவது துஆ அனுப்பினால் அது உங்கள் போனுக்கும் வருகிறது. மேசை லாச்சிக்குள் கிடந்து அது டிங் என்கிறது, நானாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்துகொள்கிறோம்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நேற்று நோர்வூட்டுக்குப் போனேன் வாப்பா. சுபைதா மாமியிடம் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். இனி ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை வெளியே விடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்வதுபோல் இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுபைதா மாமி நோர்வூட் பஸாருக்கு மேலே தனியாக இருந்து தோட்டத்துப் பெண்களுக்குச் சட்டை தைப்பவர். லைனிங் துணி, நூல் எல்லாம் நம் கடையில்தான் வாங்குவார். உங்களைத் தம்பி என்பார், நீங்கள் அவரை ராத்தா என்பீர்கள். உறவென்று பார்த்தால் ஒன்றும் இல்லை. அவருடைய ஒரே மகள் றிஸானா, ஆட்டோ ஓட்டும் சிவகுமாரைக் கட்டிக்கொண்டு கீழே தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள். தூரம் என்று பார்த்தால் படிக்கட்டு ஒன்றுதான். மாமி தையல் மெஷினில் இருந்தபடியே மகள் குழாயடியில் உடுப்பு அலசுவதைப் பார்க்கலாம். பார்க்கக்கூடாது என்று ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டார். றிஸானாவுக்குப் பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லப்போனவர்களிடம் எந்த றிஸானா என்று கேட்டாராம்.

அப்படிப்பட்ட மனுஷி நம்மோடு ஹஜ்ஜுக்கு வந்தார். மக்காவுக்குப் பக்கத்தில் மினாவுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய முழங்கால் வீங்கி, பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் போய்விட்டது. ஷைத்தானுக்குக் கல்லெறியும் இடத்துக்கு நடப்பது ஆகாத காரியம். நடக்க முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை எறியச் சொல்லலாம் என்று குழுவை அழைத்துப்போனவர் சொன்னார். மாமி உங்களைக் கூப்பிட்டனுப்பினார். கூடாரத்தின் வாயிலில், திரைக்கு இந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள். அந்தப் பக்கம் மாமிக்கு நான் கால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முந்தின இரவு முஸ்தலிஃபா வெளியில் பொறுக்கிய கடலையளவுக் கற்களை மாமி தானே தைத்த சின்னப் பையில் போட்டு வைத்திருந்தார். அதைத் திரைக்கு அடியால் நீட்டினார்.

"தம்பி, இப்ராஹீம் நபிக்கு வந்த ஷைத்தானுக்கு எல்லாரும் எறிவாங்க. எனக்கு ஒரு ஷைத்தான் இருக்கு. றிஸானா மேல வச்சிருக்கிற கோவம். அஞ்சு நேரமும் துஆ கேக்குறேன், கழட்ட முடியல. நீங்க எறியுறப்ப அத நெனச்சு எறிங்க."

"நிய்யத்து வச்சுக்கிறேன் ராத்தா," என்றீர்கள்.

அங்கே போவதற்கு முன்பு, கல்லெறிவது என்றால் கோபமும் ஆவேசமுமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படி எறிந்தவர்களும் இருந்தார்கள். ஒரு மனிதர் செருப்பைக் கழற்றி வீசியதைப் பார்த்தோமே. ஆனால் பெரும்பாலானவர்கள் தலை குனிந்து, உதடு அசைய, ஏதோ சொந்தக் கணக்கைத் தீர்க்கிறவர்கள்போல வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தீர்கள். கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய் ஷைத்தானைக் குறிக்கும் அந்தப் பெரிய சுவருக்கு முன்னால் விட்டது. எனக்குப் பயமாக இருந்தது. என் கற்களை எறிந்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு உங்களைப் பார்த்தேன். உங்கள் கற்களை இடுப்புப் பையிலேயே விட்டுவிட்டு மாமியின் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அதைக் கவனித்ததைக் கண்டு சிரித்தீர்கள்.

"தூரத்து ஆளுக்கு முதல்ல, மகள்."

இது நம் கடைச் சட்டம். தீபாவளிக் காலத்தில் கடை நிரம்பி வழியும்போது யார் முதலில் வந்தார்கள் என்று நீங்கள் பார்க்க மாட்டீர்கள். எந்தத் தோட்டம் என்று கேட்பீர்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்து மலை ஏறவேண்டியவர்களுக்கு முதலில் துணி வெட்டுவீர்கள். ஹற்றன் டவுன்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாருக்கும் பின்னால் நாம். ஒரு பெருநாளுக்கு மிச்சம் விழுந்த பூப்போட்ட துணியில் உம்மாவுக்கும் எனக்கும் நானாவுக்கும் ஒரே மாதிரி உடுப்புத் தைத்ததை நானா இன்றும் மன்னிக்கவில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நீங்கள் அங்கேயும் நின்றீர்கள். நோர்வூட் நமக்குத் தூரம், ராத்தா நடக்க முடியாதவர், ஆகவே ராத்தாவுக்கு முதலில். ஒவ்வொரு கல்லுக்கும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லி எறிந்தீர்கள். அதற்குப் பிறகுதான் உங்களுடையது. அடுத்து வந்த நாட்களிலும் இதே ஒழுங்குதான்.

உங்கள் சொந்தக் கற்களை எறிந்தபோது எதை நினைத்து எறிந்தீர்கள் வாப்பா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த அன்று, விமான நிலையத்திலிருந்து மாமியைக் கொண்டுவந்த வேன் நோர்வூட் பஸாரில் நின்றது. மாமி மேலே தன் வீட்டுக்கு ஏறவில்லை. சம்சம் தண்ணீர்ப் போத்தலை மட்டும் தூக்கிக்கொண்டு, அந்த முழங்காலோடு, லயத்துக்குப் போகும் படிக்கட்டில் இறங்கினார். சிவகுமார் நம் கடைக்கு வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அத்தை வாசல்ல நிக்கிறாங்கன்னு போன் வந்துச்சுங்க. நான் சவாரிய பாதியில இறக்கி விட்டுட்டு ஓடியாந்தேன். ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுதுக்கிட்டு இருக்காங்க. எனக்கு என்ன செய்யுறதுன்னு தெரியாம தேத்தண்ணி ஊத்துனேன்."

கேட்டவர்களுக்கெல்லாம் மாமி சொன்னது ஒன்றுதான். "கல்லோட போயிருச்சு. தம்பி எறிஞ்ச கல்லோட போயிருச்சு."

அந்தச் சொல் உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு நம் பள்ளிவாசலில் வகுப்பு வைத்தபோது, போய் வந்தவர் என்ற முறையில் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டதும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனீர்கள். நான் பெண்கள் பக்கம், திரைக்குப் பின்னால் இருந்தேன். மைக்கில் உங்கள் குரல் வந்தது.

"நான் ராத்தா ஒருத்தவங்களுக்காக எறிஞ்சேன். அவங்களுக்கு முதல்ல எறிஞ்சேன், எனக்குக் கடைசியில. பிறத்தியாருக்கு முதல்ல, நமக்குப் பிறகு. ஹஜ்ஜு நமக்குச் சொல்லித் தர்றது இதத்தான்."

என் பக்கத்தில் இருந்த பெண் மாஷா அல்லாஹ் என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மைக்கில் கதிரை ஒன்று இழுபட்டது. பிறகு வகுப்பு நடத்திய மௌலவியின் குரல், மிக மெதுவாக.

"ஹாஜியார், கோவிச்சுக்காதீங்க. இங்க இருக்கிறவங்க நாளைக்கு அப்படியே செஞ்சிருவாங்கன்னுதான் சொல்றேன். தனக்கு எறிஞ்சு முடிச்ச பிறகுதான் மத்தவங்களுக்கு எறியணும். இல்லாட்டி முதல்ல எறிஞ்சது எறிஞ்சவருக்குத்தான் சேரும்."

ஆக, மாமியின் கற்கள் உங்களுடையதாகிவிட்டன. உங்கள் கற்கள் யாருக்கும் சேராமல் போயின. மாமிக்காக எவரும் எறியவே இல்லை.

அன்று ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தோம். எனக்கு ஆத்திரம். "நீங்க ஏன் வாப்பா அங்க போய் வாயத் தொறந்தீங்க?" என்று கேட்டேன். "தொறக்காட்டி தெரிஞ்சிருக்காதே மகள்," என்றீர்கள். அதுதான் என் ஆத்திரமே. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது, இப்போதும் சில நேரம் இருக்கிறது. தெரியாமல் செய்ததை அல்லாஹ் பிடிப்பானா? நல்ல மனசோடு செய்தது அவனுக்குத் தெரியாதா? மறுநாள் மௌலவி கடைக்கே வந்து, வேறு மத்ஹபில், அதாவது வேறு சட்ட மரபில், இது கூடும் என்று கருத்து இருப்பதாகச் சொன்னார். பாவம், அவர் முகம் உங்கள் முகத்தைவிட வாடியிருந்தது. நீங்கள் தலையாட்டிவிட்டுக் கேட்டீர்கள். "என் விஷயம்னா லேசான பக்கம் போகலாம் மௌலவி. இது இன்னொருத்தங்க ஹஜ்ஜு. நான் எப்படி அவங்களுக்குப் பதிலா லேசப் பாக்கிறது?"

பரிகாரம் பெரிய காரியம் இல்லை என்று அவர் விளக்கினார். மக்காவில் ஒரு ஆடு அறுத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் மாமிக்குத் தெரிந்து, மாமி சொல்லித்தான் அதைச் செய்யவேண்டும். உங்கள் பயம் ஆட்டைப் பற்றியது இல்லை என்று எனக்கு அப்போதே விளங்கியது. இரவுச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு இருந்தீர்கள். "ராத்தா அந்தக் கல்ல நம்பித்தான் மகள் வீட்டு வாசப்படிய மிதிச்சாங்க. அது அவங்க கல்லு இல்லன்னு போய்ச் சொன்னா, கோவம் திரும்பி வந்துருமோ?"

சொல்லத்தான் போனீர்கள், பலமுறை. ஒவ்வொரு முறையும் ஒரு பை நிறைய மரக்கறி, லீக்ஸோ கோவாவோ, மாமி கொடுத்துவிட்டார் என்று கொண்டுவந்தீர்கள். "நேரம் அமையல," என்பீர்கள். ஒரு தடவை நானும் வந்தேன். மாமி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சட்டைக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் பகலில் மேலே தாய் வீட்டிலேயே இருந்த றிஸானா வெறும் தேத்தண்ணியும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். மாமி அவளைக் காட்டி, "தம்பி, இவ கையால குடிக்கிற ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் உங்களுக்கு ஒரு துஆ கேக்குறேன்," என்றார். நீங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மழை வரப்போகிறது, பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எழும்பிவிட்டீர்கள். வெளியே நல்ல வெயில்.

அதற்குப் பிறகு அதிக நாள் நீங்கள் இருக்கவில்லை. கடையில் துணி அளந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. பள்ளியில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் நானா எழுந்து நின்று, வழக்கப்படி கேட்டாராம். எங்கள் வாப்பா யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால், யாருக்காவது கடமைப்பட்டிருந்தால், அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று. நிறைந்திருந்த சபை மன்னித்தோம் என்றது. நானா வந்து சொன்னபோது வீட்டில் எல்லாரும் அழுதார்கள். மாமி அப்போது எங்கள் வீட்டு அறையில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

உங்கள் பேரில் குர்ஆன் ஓதிய கத்தம் முடிந்த பிறகு நானாவிடம் பேச்சை எடுத்தேன். "மௌத்தானவரோட விஷயத்த ஏன் கிளறுற? பேசாம மாமி பேர்ல ஆட்டக் குடுத்துருவோம்," என்றார். அவங்க சொல்லாமல் செல்லாது என்றேன். "அப்ப விடு. அல்லாஹ் பெரியவன்." நானா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. உங்களை நல்லவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனுஷியிடம் போய் ஏன் இதைச் சொல்லவேண்டும்? ஆனால் நீங்கள் என் கனவில்கூட வருவதில்லை வாப்பா. வந்தால் நேராக இதைத்தான் கேட்பீர்கள் என்று எனக்குப் பட்டது.

நேற்றுக் காலை பஸ் ஏறினேன். வழியில் மண் சரிந்த இடத்தில் பாதி ரோட்டைத்தான் திறந்திருக்கிறார்கள், வெகுநேரம் நிற்கவேண்டியிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். உங்களுக்கு அந்த வழியில் எத்தனை முறை அப்படி இருந்திருக்கும்?

மாமி மெஷினில் இருந்தார். றிஸானா குசினி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சுகம் விசாரித்த பிறகு, இனியும் பொறுத்தால் நானும் உங்களைப்போல் பஸ் நேரம் சொல்லிவிடுவேன் என்று பயந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கல்லெறிந்த ஒழுங்கு, வகுப்பு, மௌலவி சொன்னது, ஆடு, எல்லாம். மெஷின் நின்றது. றிஸானாவின் கையும் நின்றுவிட்டது. மாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். றிஸானா கண்ணை எடுக்காமல் நின்றாள். நீங்கள் பயந்தது இதற்குத்தானே என்று நினைத்தேன்.

"நீ சோத்த வை, புள்ள பசியோட வரும்," என்றார் மாமி அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது உங்க வாப்பாவுக்கு எப்ப தெரியும்?"

சொன்னேன்.

"அதுக்குப் பிறகும் இங்க வந்தாரே. வந்து இந்தக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுட்டுப் போனாரே."

"பயந்தாங்க மாமி. கல்லு உங்களுக்குச் சேரலன்னு தெரிஞ்சா, நீங்க றிஸானாவ..."

"திருப்பி வெரட்டிருவேன்னா?"

நான் தலையாட்டினேன்.

"மகள், அங்க கல்லு விழுந்தப்ப நான் கூடாரத்துல கால நீட்டிக்கிட்டு இருந்தேன். அது எங்க விழுந்துச்சு, யாருக்கு விழுந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்? கல்லோட போயிருச்சுன்னு நானும்தான் சொன்னேன். ஊருக்குச் சொல்ல ஒரு பேச்சு வேணுமே. ஆனா வேன்ல இருந்து இறங்குனது நான். இந்தப் படியில இறங்குனது நான். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் செத்துச்சு. பாதியில நின்னு, திரும்பிருவோமான்னு நெனச்சதும் நான்தான். திரும்பல. அது உங்க வாப்பாவுக்குத் தெரியலயே. அம்பது வருஷமா மெஷின் மிதிச்சுப் பொழைச்ச பொம்பள, ஒரு சொல்லத் தாங்க மாட்டான்னு முடிவு பண்ணிட்டாரே."

குரலை உயர்த்தவில்லை வாப்பா. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டேன். பள்ளியில் நானா கேட்டதை, எல்லாரும் மன்னித்ததை, அவரிடம் மட்டும் கேட்காமல் போனதைச் சொன்னேன். வாப்பாவை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் மாமி என்றேன்.

"ஆட்டுக்கு ஏற்பாடு பண்ணுங்க. நான் சொல்லித்தான் செய்யுறதுன்னு மௌலவிகிட்ட சொல்லுங்க. அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது." மெஷினில் நூலைக் கோத்தார். நூல் தவறியது, மறுபடி கோத்தார். "இது எனக்கும் உங்க வாப்பாவுக்கும் உள்ளது. இதுக்கு எனக்குப் பதிலா யாரும் போக முடியாது. நான்தான் செய்யணும். செய்வேன், இன்ஷா அல்லாஹ். இன்னைக்கு என்னால முடியாது மகள்."

றிஸானா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது நிம்மதியா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது உங்கள் மேல் கோபம் வந்தது, உடனே அழுகை வந்தது, பக்கத்து சீட் பெண் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார் வாப்பா. உங்களிடம் ஒரு நாள் கோபித்திருப்பார், மறு வாரம் லீக்ஸ் கொடுத்திருப்பார். இப்போது அந்தக் கோபத்தைக் காட்ட ஆள் இல்லாமல் அந்த மனுஷி தவிக்கிறார். உங்களுக்கு அங்கே எப்படி இருக்கிறது? அவருடைய அந்த ஒரு வார்த்தைக்காக நீங்கள் எங்கேயாவது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறீர்களா? இப்படிக் கேட்பது சரியா என்றும் தெரியவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மௌலவியிடம் இன்று சொல்லிவிட்டேன். ஆட்டுக்கான ஏற்பாடு நடக்கிறது. அடுத்த வாரமும் நோர்வூட்டுக்குப் போவேன். மாமி என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் போவேன். ஆனால் அந்த வார்த்தையை இனி நான் அவரிடம் கேட்கமாட்டேன் வாப்பா. அவராகத் தரும்வரை, உங்களுக்காகக்கூட, அவரை அவசரப்படுத்தமாட்டேன்.

உங்களுக்காகத் துஆ கேட்டபடி இருக்கும்,
உங்கள் மகள்
பஸீலா